வழுக்குப் பாறையும் புது நக்கிளும்

மாதாவை வெயிலில் நிற்க வைத்த ஆள். ஒரு வருசமாக ஆரணியில் பெரியநாயகத்துக்கு இதுதான் பேர். பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தால் யாராவது ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். அவரும் விடமாட்டார். "இன்னா சிரிப்பு? உன் புருசன் சைக்கிள்ல காத்து நிக்குதான்னு பாரு போ" என்பார். ஆனால் வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

கலசப்பாக்கத்துப் பக்கம் மலையடியில் ஒரு ஊர். அவர் பெண்சாதி அந்தோணியம்மாள் பிறந்த ஊர். வருசா வருசம் திருவிழாவுக்கு அங்கே மாதா சுரூபத்தைக் கீழ்க் கோயிலிலிருந்து மலைமேல் இருக்கும் கெபிக்கு, அதாவது குகைக் கோயிலுக்கு, எடுத்துப் போவார்கள். முன்னெல்லாம் தோளில் தூக்கினார்கள். தோள் கொடுக்கிற பையன்களெல்லாம் கம்பெனி வேலைக்குப் போனபிறகு ஜீப்பில் ஏற்றுகிறார்கள். ஜீப் வைத்திருக்கிறவன் எல்லாம் அதற்காக அடித்துக்கொள்வான். போன வருசம் அந்தப் பாக்கியம் ஊர் மாப்பிள்ளை பெரியநாயகத்துக்குக் கிடைத்தது. பாதி மலையில் வழுக்குப் பாறை என்று ஒரு சரிவு. அதன் நடுவில் கழுதை முதுகு மாதிரி ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கும். அது வண்டியின் அடிவயிற்றில் கொடுத்த அடியில், இரண்டு முன்சக்கரத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கும் டை ராடு வில்லாக வளைந்துவிட்டது. சக்கரங்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றன. மாதா உச்சிவெயிலில் நின்றாள். ஊரே நின்றது. கடைசியில் வந்தவாசி வின்சென்ட் தன் ஜீப்பைக் கொண்டுவந்து, மாதாவை மாற்றி ஏற்றிக்கொண்டு, பெரியநாயகத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறிப் போனான்.

அந்தக் கும்பிடைத்தான் அவரால் மறக்க முடியவில்லை.

இந்த வருசம் ஃபாதர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு சோதனை. சுரூபம் நிற்கிற இடத்தில் வாயகன்ற பித்தளை அண்டா, விளிம்பு வரை தண்ணீர். மேலே போய்ச் சேரும்போது எந்த வண்டியில் தண்ணீர் அதிகம் மிச்சம் இருக்கிறதோ, அந்த வண்டியில் மாதா. சோதனை என்றதும் மற்றவர்கள் பின்வாங்கிவிட, பேர் கொடுத்தது இரண்டே பேர். வின்சென்ட் ஒன்று, பெரியநாயகம் ஒன்று.

பெரியநாயகம் ஜீப்புக்கு அடியில் கோணியை விரித்துப் படுத்து நன்றாகப் பார்த்தார். சக்கரம் எதன்மேல் நின்று திரும்புகிறதோ அந்த இரும்புக்கு நக்கிள் என்று பேர். அவர் வண்டி நக்கிளில், ராடைப் பிடித்துத் திருப்பும் கை, அதைத்தான் ஆர்ம் என்பார்கள், அடிப்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் ராடு, சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலுக்கும் கீழே ஓடியது. வழியில் எந்தக் கல் தலையை நீட்டினாலும் முதல் அடி ராடுக்குத்தான். இந்தப் பழைய நக்கிளைத் தூக்கி எறிந்துவிட்டு, தலை தட்டையாக இருக்கிற தடித்த நக்கிளைப் போட்டு, அந்தத் தலைமேல் ஆர்மை வைத்து போல்ட் அடித்தால் ராடெல்லாம் ஆக்சிலுக்கு மேலே போய்விடும். கல்லுக்கு எட்டாது.

நக்கிள் இரண்டையும் சென்னையில் பழைய இரும்புக் கடையில் பிடித்தார். கடைக்காரன் நல்ல இரும்பு என்று சத்தியம் செய்தான். பெரியநாயகம் அந்தச் சத்தியத்தை வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு சுத்தியலைக் கேட்டு வாங்கி, இரண்டையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டினார். கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. உள்ளே விரிசல் இருந்தால் ஓட்டைப் பானை மாதிரி சத்தம் வரும். அப்புறம்தான் தூக்கினார்.

ஆர்ம் மட்டும் புதிதாகக் கடைந்து வரவேண்டும். ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில், "நக்கிளைக் குடுத்துட்டுப் போங்க, அளவு எடுத்து அதுமேலயே பொருத்திக் குடுத்துடறோம்" என்றார்கள்.

"அப்பால இதுக்குப் பதிலா வேற ஒண்ண வெச்சிக் குடுத்துட்டீன்னா?"

"பெரியவரே, உங்க நக்கிள வெச்சிகினு நாங்க இன்னா பண்ணப்போறோம்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் தெரியும்" என்று மடியிலிருந்து இறக்காமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

இரும்பு போகாவிட்டால் படமாவது போகவேண்டும். அதற்குத்தான் சம்பந்தம் வந்தார். சம்பந்தம் எதிர்வீடு. பட்டுப்புடவைக்கு ஜரிகை டிசைன் வரைந்து, தறிக்கு அட்டையில் துளை அடித்துக் கொடுக்கிறவர். மயிலோ மாங்காயோ ஒரு இழை பிசகாது. நக்கிளின் தலைமேல் அட்டையை வைத்து, போல்ட் துளைகளைத் தடவித் தடவிக் குறித்து, இடது ஆர்ம் ஒன்று, வலது ஆர்ம் ஒன்று என்று அழகாக வெட்டிக் கொடுத்தார். இடது ஆர்முக்கு இரண்டு துளை வேண்டும். ஒன்று டை ராடுக்கு, ஒன்று ஸ்டீரிங்கிலிருந்து வரும் ராடுக்கு. வலதுக்கு ஒன்று போதும். எல்லாம் அட்டையில் இருந்தது. பட்டறைக்காரர்கள் அட்டையில் இருந்தபடியே, மயிரிழை மாறாமல் இரும்பில் கடைந்து அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் மாட்ட ஆரம்பித்தார்கள். நக்கிள் பிசிறில்லாமல் உட்கார்ந்தது. பேரிங்குக்கு கிரீஸ் அப்பி, கையால் ஆட்டிப் பார்த்தால் இறுக்கமும் இல்லை, ஆட்டமும் இல்லை. அடுத்து ஆர்ம். அங்கேதான் ஒரு சின்ன முரண்டு. இரண்டு துளை ஆர்ம் இடது நக்கிளில் மூக்கை முன்னால் நீட்டி உட்கார மறுத்தது. பின்பக்கம் நீட்டி வைத்தால் நாலு போல்ட்டும் கச்சிதமாக இறங்கியது. வலது ஆர்மும் அப்படித்தான்.

"முன்னால இருந்தா இன்னா, பின்னால இருந்தா இன்னா?" என்றார் சம்பந்தம். "ராடு மேல வந்துடுச்சா இல்லியா?"

பெரியநாயகம் யோசித்தார். ராடு மேலேதான் இருந்தது. ஆக்சிலுக்கு மேலே, கம்பீரமாக. அவர் கண்ணுக்கு அது போதும். "நீ ஏறி ஸ்டீரிங்க திருப்பு" என்றார். சம்பந்தம் திருப்பினார். ஜாக்கிமேல் நின்ற சக்கரங்கள் இரண்டும் வெண்ணெயாகத் திரும்பின. "திரும்புதுயா! சோடியாத் திரும்புது!" என்று தரையில் படுத்தபடியே கத்தினார். சம்பந்தம் எந்தப் பக்கம் திருப்பினார், சக்கரம் எந்தப் பக்கம் போனது என்று இவர் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

ஜாக்கியை இறக்கினார்கள். பெரியநாயகம் ஏறி உட்கார்ந்து, சிலுவைக் குறி போட்டு, வண்டியைக் கிளப்பினார். அந்தோணியம்மாள் வாசலில் நின்று, "மெதுவாங்க, தெருவுல பாவு நீட்டிகினு கீறாங்க" என்றாள்.

உண்மைதான். தெருவின் இடது பக்கம் முழுக்க, கோடியிலிருந்து கோடி வரை, ஆதிலட்சுமி வீட்டுத் தறிக்குப் போகிற பாவு. அரக்குச் சிவப்புப் பட்டு நூல், வெயிலில் பாம்பு முதுகு மாதிரி மின்னிக்கொண்டு குச்சிகள்மேல் இழுத்துக் கட்டியிருந்தது. பெரியநாயகம் பொறுப்பாக ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒடித்தார். வண்டி பாவைப் பார்த்துப் போனது. இன்னும் வலது ஒடித்தார். இன்னும் வேகமாகப் பாவைப் பார்த்துப் போனது.

"ஐயோ! யோவ்! என் பாவு! என் பாவு!" ஆதிலட்சுமி பாவுக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்த பிரஷ்ஷோடு ஓடிவந்தாள். "வலது பக்கம் திருப்புயா கண்ணவிஞ்சவனே!"

"திருப்பிகினுதான்டி கீறேன்!"

"நாயகம், பிரேக்கு! பிரேக்கு!" சம்பந்தம் வண்டிக்குப் பின்னால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

பிரேக்கில் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றார் பெரியநாயகம். வண்டி நின்றது. முன் பம்பர் முதல் குச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாவு லேசாக ஒரு ஆட்டம் ஆடி நின்றது. ஒரு இழைகூட அறுபடவில்லை. ஆதிலட்சுமி பேச்சு மூச்சில்லாமல் தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். அவள் பேசியதை எழுத முடியாது.

தள்ளிக்கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். சம்பந்தம் அட்டைகளை எடுத்து வெயிலில் பிடித்து, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"நாயகம், நான் அடிப்பக்கத்த வரைஞ்சிட்டேன்யா."

"இன்னாது?"

"தறியில சேலையோட நல்ல முகம் கீழ பார்த்துகினு இருக்கும். நெய்யறவன் கண்ணுக்குத் தெரியறது பின்பக்கம். நாப்பது வருசமா பின்பக்கம் பார்த்துத்தான் துளை அடிக்கிறேன். கை அதுபாட்டுக்கு அப்படியே போட்டுடுச்சி. லேத்துக்காரன் அதை மேல்பக்கம்னு நெனச்சி கடைஞ்சிட்டான். இடது வலதாயிடுச்சி, வலது இடதாயிடுச்சி. நாம அதை முரட்டுத்தனமா இடதுல மாட்டப்போய் ஆர்ம் பின்பக்கம் போயிடுச்சி. அதான் வண்டி உல்ட்டாவா திரும்புது."

பெரியநாயகத்துக்கு ஆத்திரம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஆனால் யாரைத் திட்டுவது? நக்கிளைப் பட்டறையில் கொடுத்திருந்தால் இந்தப் பிழைக்கே வழியில்லை. அது அவருக்குத் தெரிந்தது. அந்தோணியம்மாளுக்கும் தெரிந்தது. அவள் சும்மா இருப்பாளா?

"குடுத்துட்டு வந்திருந்தா முடிஞ்சிருக்கும். உலகத்துல எல்லாரும் திருடன், நீங்க ஒருத்தர்தான் யோக்கியம். இப்ப மாதாவ தலைகீழா ஏத்துங்க."

"வாய மூடு. வழி பார்க்கறேன்."

வழி ஒன்று இருந்தது. ஆர்ம்களைப் பக்கம் மாற்றி மாட்டினால் இரண்டும் மூக்கை முன்னால் நீட்டி ஒழுங்காக உட்காரும். ஆனால் இடது பக்கம் வருவது ஒற்றைத் துளை ஆர்ம். அதில் இன்னொரு துளை வேண்டும். அது சும்மா துளை இல்லை. மேல்வாய் அகலமாக, கீழ்வாய் குறுகலாக, ராடின் முனை கூம்பாக உள்ளே இறங்கி இறுகுகிற துளை. கொஞ்சம் கோணினாலும் மலைமேல் ராடு கழன்றுவிடும். அதைக் குடைகிற உளி ஆரணியில் ஒருத்தனிடமும் இல்லை. ராணிப்பேட்டையில் திங்கட்கிழமைக்கு முன்னால் முடியாது என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். மறுநாள் விட்டால் சோதனை.

"அந்த உளி வின்சென்ட் பட்டறையில கீது" என்றார் சம்பந்தம், தரையைப் பார்த்துக்கொண்டு.

பெரியநாயகம் ஜீப்புக்கு அடியில் படுத்து ஆர்ம்களைக் கழற்ற ஆரம்பித்தார். சனிக்கிழமை காலையில் அந்தோணியம்மாள் எழுந்து பார்த்தபோது, கோணிப்பையில் ஆர்மைச் சுற்றிக்கொண்டு வந்தவாசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

வின்சென்ட் பட்டறை வாசலில் தன் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். ஐம்பது வயது ஆள், தொப்பையும் சிரிப்புமாக. இவரைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாய் கையில் இருந்தபடியே நின்றுவிட்டது.

"இன்னாண்ணா! நாளைக்கு மலையில பார்க்கலாம்னு இருந்தேன். இன்னிக்கே தோத்துட்டேன்னு சொல்ல வந்துட்டீங்களா?"

"வாய் ரொம்ப நீளுது உனக்கு. இதுல ஒரு துளை போடணும்." கோணியைப் பிரித்து மேசையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். பாவு கதைக்கு வின்சென்ட் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடையே திரும்பிப் பார்த்தது. பெரியநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"சரி, போட்டுத் தரேன்" என்றான்.

"ஏன் தர்ற? உனக்கு இன்னா லாபம்?"

"அட, இது இன்னா கேள்வி! போன வருசம் நான்தான் ஏத்தினேன். எவனாச்சும் வின்சென்ட் ஏத்தினான்னு சொல்றானா? பெரியநாயகம் நின்னுட்டான், அதனால வின்சென்ட் ஏறிட்டான்னுதான் சொல்றான். எதிர்ல வண்டியே இல்லாம ஜெயிச்சவன்னு எனக்கும் ஒரு பேர் கீதுண்ணா. நாளைக்கு நீங்க வரணும். ஒயுங்கா வந்து தோக்கணும்."

இந்தப் பேச்சு பெரியநாயகத்துக்குப் புரிந்தது. முக்காலியை மெஷின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வின்சென்ட் மெஷினைப் போடவில்லை.

"வெளிய இருங்க."

"நான் பார்க்கணும்."

"நீங்க மொறைச்சிகினு ஒக்காந்தா என் கை ஒதறும். துளை கோணிகினு போகும். அப்பால வின்சென்ட் வேணும்னே கெடுத்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க. வெளிய போய் டீ குடிங்க, இல்லன்னா இரும்பத் தூக்கிகினு கெளம்புங்க."

பெரியநாயகம் அந்த ஆர்மைப் பார்த்தார். வின்சென்ட்டைப் பார்த்தார். ஐம்பது வருசத்தில் தன் வண்டியின் ஒரு திருகாணியைக்கூட அவர் கண்ணுக்கு மறைவாக யாரும் தொட்டதில்லை. எழுந்து வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. டீ வாங்கினார், குடிக்கவில்லை. உள்ளே மெஷின் கிர்ரென்று பிடித்து, இரும்பு கீச்சிட, ஒவ்வொரு கீச்சலுக்கும் அவர் கதவு வரைக்கும் போய்த் திரும்பினார்.

கதவு திறந்தது. ஆர்ம் சூடாக இருந்தது. பெரியநாயகம் இடுப்பிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்தார். பற்றவைத்து, கையோடு கொண்டுவந்திருந்த ராடு முனையைச் சுடருக்கு மேல் காட்டிக் கரி பிடிக்க வைத்தார். அதைப் புதுத் துளையில் இறக்கி ஒரு திருகு திருகி வெளியே எடுத்தார். துளையின் உள்சுவரெங்கும் கரி ஒரே சீராக ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் துளை கோணல் என்று அர்த்தம்.

"நம்பிக்கையப் பாரு!" என்றான் வின்சென்ட்.

"துளை சரியா கீது" என்றார் பெரியநாயகம். பஸ் ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே மலைவழியின் இரண்டு பக்கமும் ஏறி உட்கார்ந்துவிட்டது. முதலில் வின்சென்ட். அண்டாவில் தளும்பத் தளும்பத் தண்ணீர். அவன் நல்ல ஓட்டுநர், அதில் சந்தேகமே இல்லை. வழுக்குப் பாறைக்கு வந்ததும் கழுதைக்கல்லை விட்டு ஒதுங்கி, ஓரச் சரிவில் ஒரு பக்கச் சக்கரங்களை ஏற்றி வளைத்து எடுத்தான். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அண்டாவிலிருந்து தண்ணீர் சளாரென்று ஒரு வீச்சு வெளியே போனது. கூட்டம் 'ஆ' என்றது. ஆனாலும் ஏறிவிட்டான். ஃபாதர் மேலே குச்சியை விட்டு அளந்தார். முக்கால் அண்டா நின்றது. கைதட்டல்.

அடுத்து பெரியநாயகம். பக்கத்து சீட்டில் அந்தோணியம்மாள் தானாக ஏறி உட்கார்ந்தாள்.

"எறங்குடி. பாரம்."

"இது நான் பொறந்த ஊரு. நின்னா உங்க கூடவே நிக்கறேன். ஓட்டுங்க."

ஓட்டினார். முதல் வளைவில் வலது ஒடித்தால் வலதே போனது. அதற்கே அவருக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டீரிங் கையில் லேசாக, உயிருள்ள பொருள் மாதிரி பேசியது. சின்னக் கற்களெல்லாம் அடியில் உருண்டு போயின, எதுவும் எதிலும் இடிக்கவில்லை. வழுக்குப் பாறை வந்தது. கழுதைக்கல் அதே இடத்தில், போன வருசம் மாதிரியே முதுகைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது.

"ஓரமா போ நாயகம்! ஓரமா!" என்று பின்னால் ஓடிவந்த சம்பந்தம் கத்தினார்.

ஓரமாகப் போனால் சாயும். சாய்ந்தால் தண்ணீர் போகும். வின்சென்ட்டுக்கு வேறு வழியில்லை, அவன் ராடு இன்னும் கீழேதான் ஓடுகிறது. இவருக்கு இருந்தது. பெரியநாயகம் சின்ன கியரைத் தட்டி, கல்லை நேராகப் பார்த்து மூக்கை நீட்டினார்.

"ஏங்க! கல்லுங்க! கல்லு!"

"தெரியுது!"

முன்சக்கரங்கள் கல்லுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து ஏறின. கல் வண்டிக்கு அடியில் நுழைந்தது. இப்போது அது ராடுக்கு நேர் கீழே. வின்சென்ட் குடைந்த துளை, சம்பந்தம் தலைகீழாக வரைந்த ஆர்ம், கடைக்காரன் சத்தியம் செய்த நக்கிள், எல்லாம் அந்த ஒரு இடத்தில் வந்து நின்றன. அடியில் கர்ரக் என்று ஒரு உரசல். அந்தோணியம்மாள் "மாதாவே!" என்று அவர் தோளைப் பிடித்தாள். உரசியது ஆக்சிலின் தடித்த வயிறு. ராடு இல்லை. ராடு அதற்கு மேலே, கல் இருப்பதே தெரியாத மாதிரி நிதானமாக இருந்தது. ஸ்டீரிங் ஒரு விரல் அளவுகூட உதறவில்லை. வண்டி சாயாமல், தட்டில் வைத்துத் தூக்கியது போல மட்டமாக ஏறியது. பின்சக்கரம் ஒரு வழுக்கு வழுக்கிப் பிடித்தது. ஏறிவிட்டது!

மலை முழுக்கச் சத்தம். சம்பந்தம் துண்டைத் தலைக்கு மேல் சுற்றினார். யாரோ வேட்டு வைத்துவிட்டார்கள், ஃபாதர் அவர்களைத் திட்டினார். மேலே அண்டாவில் குச்சியை விட்டுப் பார்த்தவர் சிரித்துவிட்டார். விளிம்புக்கு நாலு விரல்தான் குறைந்திருந்தது.

வின்சென்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கை கொடுக்கவில்லை, கும்பிடவும் இல்லை. நேராக வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தான்.

"நேரா ஏத்திட்டீங்களேண்ணா! நேரா! நான் கனவுலயும் அப்படி ஏத்தினது இல்ல." எழுந்தபோது அவன் முகமெல்லாம் மண். "துளை நான் போட்டதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க, ஆமா."

"நானே சொல்றேன்டா" என்று பெரியநாயகம் சீட்டின் மேல் ஏறி நின்று சொன்னார், மலை கேட்கிற மாதிரி. "இந்தத் துளை வின்சென்ட் போட்டது! நான் பக்கத்துல நின்னு பார்க்கவேயில்ல!"

கடைசியில் சொன்னதுதான் பெரிய புகழ்ச்சி என்பது ஆரணிக்காரர்களுக்கு மட்டும் புரிந்தது. அந்தோணியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

திருவிழா அன்று மாதா ஜீப்பில் ஏறினாள். நீலப் பட்டு, மல்லிகை, சுற்றிலும் விளக்கு. பேண்ட் வாத்தியம் முன்னால் போனது. வின்சென்ட் வண்டிக்கு முன்னால் நடந்து, சனத்தை விலக்கி, கல்லைக் காட்டிக்கொண்டே போனான். வழுக்குப் பாறையில் சனம் இரண்டு பக்கமும் கூடை கூடையாகப் பூ வைத்துக்கொண்டு நின்றது. வண்டி கழுதைக்கல்மேல் மூக்கை வைத்ததும் எல்லாப் பூவும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. மாதாமேல் விழுந்தது, அந்தோணியம்மாள்மேல் விழுந்தது, முன் கண்ணாடி முழுக்க அப்பிக்கொண்டது.

"கண்ணாடிமேல போடாதீங்கய்யா! வழி தெரியல! யோவ், வழி தெரியலய்யா!" என்று பெரியநாயகம் கையை வெளியே விட்டு ஆட்டிக் கத்தினார்.

அவர் கத்தக் கத்த இன்னும் போட்டார்கள்.